தேகத்துக்கும் துணிக்கும் நடுவே

தையற்கலையைத் தைத்துக் கற்றவர்கள் அநேகர். நான் பெரும்பாலும் பிரித்துக் கற்றவன். மாரிகுப்பம் கடைத்தெருவில் என் சித்தப்பா நடத்திவந்த சிறிய கடைக்கு, தங்கச் சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரிகள் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்றவையும், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியவையுமான கம்பளிக் கோட்டுகள், வெளுத்துப்போன வெளிப்புறத்தை உள்ளே தள்ளி, நிறம் மாறாத உட்புறத்தை வெளியே கொண்டுவரும் பொருட்டு வந்து சேரும். அதைக் கோட்டுத் திருப்புதல் என்போம். திருப்புவதற்கு முன் முழுவதையும் பிரித்தாக வேண்டும். பிரிக்கும் வேலை பையனுடையது. மார்புப் பகுதியில் குதிரைமயிர் கலந்த கித்தான், காலரின் மடிப்புக்கு அடியில் அரிசிமணி அளவில் சாய்த்துச் சாய்த்துப் போட்ட நூற்றுக்கணக்கான கைத்தையல்கள், தோளில் பஞ்சுத் திண்டு, ஈரத்துணியும் இஸ்திரிப்பெட்டியும் கொண்டு சுருக்கி வளைத்த முதுகு என்று ஒவ்வொன்றாக அது தன் இரகசியங்களை விடும்போது, பதினைந்து வயதுப் பையனாகிய எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஆங்கிலக் கோட்டு அணிகிறவனுடைய சரீரத்தைக் கேட்டு உருவாவதன்று. சரீரம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தோடு உருவாவது. கூன் விழுந்தவனும் அதற்குள் நிமிர்ந்து நிற்பான்.

கடையின் மறுபாதி வேலை இதற்கு நேர் விரோதமானது. மைசூர் மைன்ஸின் லைன் வீடுகளிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு அரை நிக்கரும் கையில்லாச் சட்டையும் தைப்போம். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் வந்து தோண்டத் தொடங்கிய அந்தப் பள்ளங்கள், என் காலத்தில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் அப்பால் இறங்கிவிட்டிருந்தன. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரிக்கு மேல். என் தகப்பனார் கேஜில் இறங்கி, வேகும் அந்த இருட்டில் எட்டுமணி நேரம் இருந்துவிட்டு வருவார். அவருடைய பனியன், வியர்வையின் உப்பும் பாறைத்தூளும் அரித்து, தோள்பட்டையில் முதலில் சல்லடையாகும். சுரங்க நிக்கருக்குச் சித்தப்பா டேப்பைத் தொடவே மாட்டார். நான் ஒருமுறை காரணம் கேட்டதற்கு, "அளவெடுக்கிறது நிக்கிற ஆளுக்குடா. இவங்க அங்க எங்க நிக்கிறாங்க? குந்துறாங்க, மண்டி போடுறாங்க, படுத்துக்கிட்டுத் துளை போடுறாங்க. அந்த அளவை எந்த டேப்புல எடுப்ப?" என்றார். கவட்டில் ஒரு சதுரத் துண்டை மூலைமாற்றி வைத்து, காலை எப்படி விரித்தாலும் தையல் விடாதபடி, பார்வைக்கு லட்சணமே இல்லாத ஒரு தாராளத்தோடு அந்த நிக்கரை வெட்டுவார். கோட்டைப் பிரித்து ஒரு சாஸ்திரத்தையும், நிக்கரை மூட்டி மற்றொரு சாஸ்திரத்தையும் நான் ஏககாலத்தில் கற்றேன். இரண்டாவதும் ஒரு சாஸ்திரம் என்பதைச் சொல்ல அன்று எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

சொன்னவர்கள் ஜப்பானியர்கள்.

ஜப்பான் என்ற பெயர் எங்கள் ஊருக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவி, வானத்திலிருந்து பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோ என்னும் அதிசூட்சுமத் துகளின் சுவட்டை 1965-இல் கண்டறிந்தார்கள். தங்கம் எடுக்கும் குழிக்குள் ஜப்பான்காரர்கள் வேறெதையோ தேடுகிறார்கள் என்பதைத் தகப்பனார் வீட்டில் வந்து ஒரு வேடிக்கைபோலச் சொல்வதுண்டு. அந்த விஞ்ஞானிகளில் ஒருவர் பெயர் மியாகே. பிற்காலத்தில் வேறொரு மியாகேயின் வேலைப்பாட்டை நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க நேர்ந்ததற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் பெயர் காதில் விழுந்தபோது எனக்கு ஓர் உறவுமுறை தோன்றிவிட்டது.

1894 முதல் ஓடும் எங்கள் இரயில் பாதைக்கு மாரிகுப்பமே கடைசி ஸ்டேஷன். ஆகையால் விடியற்காலை வண்டி இங்கிருந்துதான் புறப்படும், எங்களுக்கு மட்டும் உட்கார இடம் கிடைக்கும். பங்காருப்பேட்டையில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே பெங்களூர் வரை வரவேண்டும். சுரங்கத்தில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்த காலத்திலேயே சித்தப்பாவின் கடையை விட்டு, அந்த வண்டியேறிப் போய், பெங்களூரில் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஒரு நிறுவனத்தின் சாம்பிள் ரூமில் கட்டிங் மாஸ்டராக அமர்ந்தேன். வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் படத்தையும் அளவுத்தாளையும் பார்த்து, பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வரைந்து, காடாத்துணியில் ஒரு மாதிரி தைத்துக் காட்டுவது அங்கே என் வேலை. அமெரிக்க ஆர்டர்கள் எளியவை. அளவுத்தாள் சொன்னபடி செய்தால் முடிந்தது. ஜப்பானிய ஆர்டர் வந்த அன்றுதான் அளவுத்தாளில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்ததைப் பார்த்தேன்.

அது ஒரு கருநிற மேற்சட்டை. தோளில் தையல் இல்லை. முதுகிலிருந்து எழும் ஒரே துணி, கழுத்தைச் சுற்றிவந்து, கையாக மாறி, கைக்குக் கீழே மறுபடியும் விலாப்புறமாக இறங்கிற்று. பேட்டர்னை மேஜைமீது விரித்தபோது எது முன், எது பின் என்று அந்த அறையில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இடப்பக்கக் கீழ்விளிம்பு வலப்பக்கத்தைவிட நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. நாங்கள் தைத்து முடித்த முதல் மாதிரியைத் தரப்பரிசோதனைக்கு அனுப்பினோம். விளிம்பு சமமில்லை, கழுத்து ஒருபுறம் இழுக்கிறது, அக்குளில் துணி தேங்குகிறது என்று உடல் முழுக்கச் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பியனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தச் சீட்டு ஒட்டப்பட்ட ஒவ்வோர் இடமும் வாங்குநர் கேட்டு வாங்கிய விசேஷம்.

சில வாரங்கள் கழித்து அந்த வாங்குநரின் சார்பில் ஒரு ஜப்பானிய அம்மையார் வந்தார். தோக்கியோவின் புங்கா ஆடைக்கல்லூரியில் படித்தவர். ஆடை வடிவமைப்பாளர் யோஜி யமமோத்தோ 1969-இல் தேர்ச்சி பெற்று வெளியேறியதும் அதே கல்லூரியிலிருந்துதான் என்பதைப் பெருமையோடு சொன்னார். ஜப்பான் மேடம் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அவர், என்னை மாஸ்டர்-சான் என்று அழைத்தார். துணி மாட்டும் உருவப்பொம்மையின் கழுத்தருகே ஒரே ஒரு குண்டூசியைக் குத்தி, இரண்டு கெஜம் காடாத்துணியை அதன்மீது விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலையைத் தொடங்கவில்லை என்று எண்ணிக் காத்திருந்த பையன்களுக்கு, அந்தப் பார்வையே வேலை என்பது பிறகுதான் புரிந்தது. பாவு இழை நேராக விழும் இடத்தில் துணி கனத்து இறங்குகிறது. கிராஸாக விழும் இடத்தில் இளகி நீள்கிறது. துணி தானாகவே எங்கே போக விரும்புகிறது என்பதைப் பார்த்து, அங்கே சாக்கட்டியால் ஒரு கோடிட்டு, அந்தக் கோட்டில் மாத்திரம் கத்தரியை வைக்கவேண்டும் என்பது அவருடைய உபதேசம். அக்குளுக்குக் கீழே அவர் விட்ட மிகுதியைக் காட்டி, மொழிபெயர்ப்பாளர் மூலம், "இது எதற்கென்று தெரிகிறதா?" என்று கேட்டார். கையை உயர்த்துகிறவனுக்கு என்றேன். சித்தப்பாவின் நிக்கர் கவட்டில் இருந்த சதுரத்தை ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வித்தையின் வரலாற்றை நான் பின்னர்த்தான் புத்தகங்களில் தேடிப் படித்தேன். ஹிரோஷிமாவில் 1938-இல் பிறந்து, ஏழு வயதில் அணுகுண்டைக் கண்ணால் கண்ட இஸ்ஸே மியாகே, 1970-இல் தோக்கியோவில் தம் கலைக்கூடத்தை நிறுவி, 1973-இல் பாரிஸுக்கு ஆடைகளைக் கொண்டுபோனார். 1981-இல் ரேய் கவகுபோவும் யமமோத்தோவும் அங்கே சென்றார்கள். இடுப்பை இறுக்கி, தோளை உயர்த்தி, நிறங்களை வாரியிறைத்துக்கொண்டிருந்த அந்த நகரத்தில், கருமை ஒன்றையே நிறமாகக்கொண்டு, உடலின் வளைவுகளைக் காட்ட மறுத்து, விளிம்பு மடிக்காமல், இடமும் வலமும் ஒவ்வாமல் வந்த ஆடைகளைப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் சிலர் அவற்றுக்கு ஹிரோஷிமாவின் பெயரையே வைத்துப் பரிகசித்தார்கள். குண்டு போட்டவர்களின் பக்கத்திலிருந்து அப்படி ஒரு பரிகாசம் வந்தது எவ்வளவு அநாகரிகம் என்பது அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. ஜப்பானிலேயே அந்த ஆடையணிந்து திரிந்த இளைஞர்களைக் காக்கைக் கூட்டம் என்று அழைத்தார்களாம்.

கவகுபோவுக்குத் தையற்பள்ளிப் படிப்பு கிடையாது. கசக்கிய ஒரு காகிதத்தைத் தம் பேட்டர்ன்காரர்களிடம் கொடுத்து, இதன் தன்மையுள்ள ஆடை வேண்டும் என்று கேட்டாராம். அத்தகைய எஜமானியிடம் வேலை பார்க்க எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். 1982-இல் அவர் காட்டிய கறுப்புப் பின்னல் சட்டையில் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தன. இயந்திரத்தின் திருகாணிகளை அங்கங்கே தளர்த்திவிட்டு அவற்றை உண்டாக்கினார். தளர்ந்த திருகாணி எங்கள் தொழிலில் தினசரி உபத்திரவம். அதனால் ஒரு பாபின் நூல் வீணானாலே சூப்பர்வைசர் முகம் மாறும். ஆனால் அதையே வேண்டுமென்று தளர்த்தி, ஓட்டை இன்ன இடத்தில் இன்ன அளவோடு நிற்க, மிச்சப் பின்னல் பிரியாமல் இருக்கச்செய்வது அபாரமான கைத்திறன் என்பதை அந்த வேலை தெரிந்தவன் மறுக்க முடியாது. என் கை அதை மெச்சியது. தகப்பனாரின் பனியனைத் துவைத்துக் கொடியில் போட்ட வீட்டுப் பிள்ளையின் மனம் அதை முழுதும் மெச்ச ஒப்பவில்லை, இன்றும் ஒப்புவதில்லை. பாறை போட்ட ஓட்டைக்கு விலை கிடையாது, யோசித்துப் போட்ட ஓட்டைக்கு மட்டும் விலை உண்டு என்ற ஏற்பாட்டில் ஏதோ ஓர் அநியாயம் இருக்கிறது. ஆனாலும் அதற்குக் கவகுபோவைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. உழைத்துத் தேய்ந்த துணியில் பார்க்கத்தக்க வடிவம் ஒன்று இருக்கிறது என்று, அதை வாங்கும் சக்தி உள்ளவர்களின் முகத்துக்கு நேரே முதலில் காட்டியவர் அவர்.

மியாகேயின் மடிப்பு ஆடைகளில் எனக்கு இத்தகைய சங்கடம் எதுவும் எழவில்லை. துணியை முதலில் மடித்துப் பிறகு வெட்டித் தைப்பதே உலகத்து வழக்கம். அவர் இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கினார். அணியவேண்டிய அளவைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக ஆடையை வெட்டி, முழுவதும் தைத்து முடித்தபின், காகிதங்களுக்கு நடுவே வைத்து மடித்து, சூடான அழுத்தியில் செலுத்தினார். பாலியெஸ்டர் இழை சூட்டில் ஏற்ற வடிவத்தை மறப்பதில்லையாதலால், துவைத்துச் சுருட்டி மூலையில் எறிந்தாலும் மடிப்புக் கலைவதில்லை. 1993-இல் பிளீட்ஸ் பிளீஸ் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. அதில் ஒன்றை நான் பிரித்துப் பார்த்தேன். ஒரு குழந்தை வரைந்ததுபோன்ற மிகச் சாதாரணமான பேட்டர்ன், டார்ட் ஒன்றுகூட இல்லை. கோட்டுக்காரன் கித்தானிலும் பஞ்சிலும் ஒளித்துவைத்த வேலையத்தனையும் இங்கே துணியின் இழைக்குள்ளேயே போய்விட்டது. பருத்தியில் இதைச் செய்ய முயன்றவர்களை எனக்குத் தெரியும். முதல் வண்ணானிடம் போய் வந்ததும் துணி தன் பழைய ஸ்வபாவத்துக்குத் திரும்பிவிடும்.

நம்மவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: தைக்காத வேட்டியும் புடவையும் நம்மிடம் ஆதிகாலந்தொட்டு இருக்கின்றனவே, துணியை வெட்டாமல் அணிவதை ஜப்பான்காரனா நமக்குச் சொல்லித்தர வேண்டும் என்பார்கள். கேட்க இனிமையான வாதம். ஆனால் ஒரு கட்டிங் மாஸ்டர் அதை ஒப்புக்கொள்வது கஷ்டம். புடவை நிற்பது கட்டுகிறவளின் கைப்பழக்கத்தால். அந்த வித்தை அவளிடம் இருக்கிறது, ஆடையில் இல்லை. அந்தத் தளர்ச்சியை, யார் எடுத்து மாட்டினாலும் அப்படியே விழும்படி, வெட்டிலும் தையலிலும் நிரந்தரமாக்கி வைப்பது வேறு காரியம். அதைச் செய்தவர்கள் அவர்கள். கிமோனோவின் மரபு அவர்களுக்குத் துணைசெய்தது என்பது வாஸ்தவம். எனினும் கிமோனோவை மாத்திரம் வைத்துக்கொண்டு பாரிஸை அசைத்திருக்க முடியாது. ஆங்கிலக் கோட்டை என்னைப்போலவே பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். யமமோத்தோவின் தாயார், கணவனை யுத்தத்தில் இழந்து, தோக்கியோவில் தையற்கடை வைத்து மகனைச் சட்டம் படிக்கவைத்தவர்; மகன் சட்டத்தை விட்டு அம்மாவின் கடைக்கே வந்து சேர்ந்தார். நம் தேசத்துக் கைவேலையின்மீது மியாகேவுக்கு இருந்த அபிமானம் வெறும் உபசாரமன்று. 1980-களில் ஆமதாபாத்தின் ஆஷா சாராபாயோடு சேர்ந்து ஆடைகள் செய்தார், அவருடைய துணி நிபுணர் மகிகோ மினகாவா 2000-இல் தொடங்கிய ஹாட் என்ற பிரிவும் இந்திய நெசவையும் கைத்தையலையும் நாடி வந்தது. நாம் கொடுத்த துணிக்கு அவர்கள் வெட்டைக் கொடுத்தார்கள் என்று கணக்கை நேர்செய்துகொள்ளலாம்.

ஆடையைவிட அதைப் படம்பிடித்த முறை எனக்கு அதிகம் கற்பித்தது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கலாம். நியூயார்க்கின் இர்விங் பென் 1980-களின் பிற்பகுதி முதல் 1999 வரை மியாகேயின் ஆடைகளைப் படம் பிடித்தார். மியாகே ஆடைகளை அனுப்பிவைப்பார். படப்பிடிப்புக்குத் தாம் போகவே மாட்டார். எப்படி அணிவது என்ற நிர்ப்பந்தமின்றி, பென் அவற்றை வெண்மையான வெறுமையின்முன் நிறுத்தி, ஆடையின் வெளிக்கோடு மட்டுமே பேசும்படி செய்தார். அந்தப் படங்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் பேட்டர்ன் எங்கே தொடங்குகிறதென்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் அறைப் பையன்களுக்கு அதையே நான் பயிற்சியாகக் கொடுத்தேன். 1986-இல் நிக் நைட் யமமோத்தோவுக்காக எடுத்த படமோ, ஒரு பெண்ணின் உருவம் முழுக்கக் கருநிழலாக நிற்க, பின்புறத்தில் பொங்கும் சிவப்பு வலைத்துணி மட்டும் நிறத்தோடு எரிவது. அதில் ஒரு தையலும் தெரியாது. தைத்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையும் இல்லை, மரியாதையும் இல்லை.

விம் வெண்டர்ஸ் யமமோத்தோவைப் பற்றி 1989-இல் எடுத்த ஆவணப்படத்தைக் குறுந்தகட்டில் பார்த்தேன். ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஔகுஸ்ட் சாண்டர் எடுத்த உழைப்பாளிகளின் படங்களை அதில் யமமோத்தோ புரட்டிக்கொண்டே, அந்த மனிதர்களின் முகத்துக்கும் தொழிலுக்கும் உடைக்கும் இருந்த பொருத்தத்தை வியக்கிறார். சட்டையைப் பார்த்தே இவன் இன்ன வேலைக்காரன் என்று சொல்லக்கூடிய காலம் அது. தம் தேசத்தின் பெரிய தையல்காரர் ஒருவர், செங்கல் சுமப்பவனின் கசங்கிய அரைச்சட்டையைத் தமக்கு எட்டாத உன்னதமாகப் பார்ப்பதை, சுரங்க நிக்கர் தைத்தவன் எப்படி மறப்பான்? அந்தத் தூண்டுதலில் ஜப்பானியப் புகைப்படங்களை நானும் தேடத் தொடங்கினேன். இக்கோ நரஹரா 1956-இல் தோக்கியோவில் வைத்த முதற் கண்காட்சியில், கடல் நடுவே சுவர் எழுப்பி வாழ்ந்த ஹஷிமா நிலக்கரித் தீவின் மனிதர்கள் இருந்தார்கள். அந்தச் சுரங்கம் 1974-இல் மூடப்பட்டுத் தீவே பாழாயிற்று. கென் தோமோன், மூடிக்கொண்டிருந்த சிகுஹோ நிலக்கரிச் சுரங்கங்களின் பிள்ளைகளைப் படமெடுத்து, 1960-இல், மட்டமான காகிதத்தில் அச்சிட்டு, எல்லோரும் வாங்கட்டும் என்று 100 யென்னுக்கு விற்றார். பள்ளிக்குச் சோறு கொண்டுவராத அந்தப் பிள்ளைகளின் சட்டைகளை நான் தொழில் கண்ணோடு பார்த்தேன்: அப்பாவின் சட்டையை வெட்டிச் சிறிதாக்கியவை, முழங்கையில் ஒட்டு, வளரும் பையனுக்காக உள்ளே விட்ட மடிப்பு. எங்கள் லைனில் எந்தத் தாயும் அப்படித்தான் வெட்டினாள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எங்கள் சுரங்கமும் மூடப்பட்டது. அதன்பிறகு விடியற்கால வண்டியில் பெண்கள் கூட்டம் பெருகிற்று. குழிக்குள் இறங்கியவர்களின் மனைவிகளும் மகள்களும் பெங்களூர் ஆடைத் தொழிற்சாலைகளில் மணிக்கணக்கில் ஒரே ஒரு தையலை, காலர் என்றால் காலர், பை என்றால் பை என்று, ஜூகி தையல் இயந்திரத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். முழு ஆடையை அவர்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. தளர்ச்சியையும் சமமின்மையையும் கலையாக விற்கும் உலகத்துக்கு, விநாடி பிசகாமல் ஓடும் ஒரு வரிசை தைத்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்பது அந்தத் தொழிலின் வேடிக்கை. வேடிக்கை என்பதைவிடக் கடுமையான சொல்லும் பொருந்தும்.

இப்போது நான் பெங்களூருக்குப் போவதில்லை. சித்தப்பாவின் கடை இருந்த அதே தெருவில் சிறிய மேஜை ஒன்று போட்டு, ஓய்வு நாட்களில் வரும் பெண்களுக்கு முழு ஆடை வெட்டக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் பாடமாகப் பழைய கோட்டு ஒன்றைப் பிரிக்கச் சொல்கிறேன், இரண்டாவதாகக் கவட்டுச் சதுரம். மற்ற நேரங்களில் இரயிலில் போகிறவர்களுக்காக ஒரு மேலங்கி தைக்கிறேன். தோளில் தையல் இல்லாமல், கைத்தறித் துணியின் முழு அகலத்தையும் வீணாக்காமல், நெரிசலில் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினாலும் உட்கார்ந்து தூங்கினாலும் இழுக்காதபடி வெட்டியது; பணம் வைக்க உட்புறத்தில் ஒரு பை. வலப்பக்க விளிம்பு இடப்பக்கத்தைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும், ஏனெனில் கனம் அங்கே விழுந்தால்தான் கழுத்து பின்னால் சரியாமல் நிற்கிறது. அளவு தவறிவிட்டது, மாஸ்டர், என்று சுட்டிக்காட்டிச் சமமாக்கித் தரச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சமமாக்கித் தருகிறேன். கூலியை மட்டும் கொஞ்சம் கூட்டி வாங்குகிறேன், அந்த இறக்கத்தை எடுத்துவிட்டும் கழுத்தை நிற்கவைப்பதற்கு உள்ளே கித்தான் வைத்துத் தைக்கவேண்டியிருக்கிறது.